கிழட்டு அம்பாசிடருக்கு எத்தனை குதிரை?

(ஆட்டோமொபைல் பிரிவு மூன்றாம் ஆண்டு மாணவன் எழுதியது)



டீக்கடை பெஞ்சில் பழைய கார் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" இரண்டாவது கேள்வி, "எத்தனை குதிரை?" முதல் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவர் புத்தகத்தில் படித்த எண்ணைச் சொல்வார், அல்லது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார். அளந்து பார்த்துச் சொன்னவர் ஒருவரைக்கூட நான் அந்த பெஞ்சில் பார்த்ததில்லை.

நாமோ டிப்ளமோ படிக்கிறவர்கள். தெர்மல் லேபில் பிரேக் பவர் கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியவர்கள். அந்தக் கணக்கை லேபுக்கு வெளியே, ரோட்டில் ஓடும் ஒரு பழைய காருக்குப் போட முடியுமா? முடியும். அதற்கு டைனமோமீட்டர்கூட வேண்டாம். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குதிரையைப் பார்ப்போம்

நீராவி இஞ்சினைத் திருத்தி அமைத்த ஜேம்ஸ் வாட், தன் இஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக அவர் வகுத்த அளவு, ஒரு நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. இன்றைய கணக்கில் அது 746 வாட். ஐரோப்பாவில் மெட்ரிக் குதிரை என்று இன்னொன்று உண்டு. 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு மெட்ரிக் குதிரை, அதாவது 735.5 வாட். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குள்தான். இதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

சண்டை வருவது மூன்றாவது வகைக் குதிரையால். அது வரிக் குதிரை! பிரிட்டனில் ஆர்.ஏ.சி. என்ற மோட்டார் கழகத்தின் சூத்திரப்படி காருக்கு வரி போட்டார்கள். சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். இதில் ஸ்ட்ரோக் கிடையாது, ஆர்.பி.எம். கிடையாது. ஆஸ்டின் செவன், மாரிஸ் எய்ட் என்ற பெயர்களில் இருக்கும் ஏழும் எட்டும் இந்த வரிக் குதிரைகள்தான். பிரான்சின் சிட்ரோயன் 2 சி.வி. காரும் இதே மாதிரிதான். பெயரில் இரண்டு குதிரை. ஆனால் 1948-இல் அறிமுகமான அந்தக் காரின் 375 சி.சி. இஞ்சின் கொடுத்தது 9 குதிரை.

நம் அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., அதாவது 2.875 அங்குலம். நான்கு சிலிண்டர். கணக்கு 13.2 குதிரை என்று வருகிறது. அதே இஞ்சினுக்குப் பரவலாகச் சொல்லப்படும் திறன் 55 குதிரை. ஆகவே பழைய ஆவணங்களில் குதிரை என்று பார்த்தவுடன் அது வரிக் குதிரையா, வேலைக் குதிரையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தக எண் எங்கே அளந்தது?

சரி, 55 என்பது வேலைக் குதிரைதான். ஆனால் அதை எங்கே, எப்படி அளந்தார்கள்?

ஒரு இஞ்சினை வண்டியிலிருந்து கழற்றி டெஸ்ட் பெட்டில் ஏற்றி, ஃபேன், டைனமோ, ஏர் கிளீனர், சைலன்சர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இக்னிஷன் டைமிங்கை அந்தச் சோதனைக்கென்றே சரியாக வைத்து அளந்தால் கிடைப்பது கிராஸ் திறன். வண்டியில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தால் கிடைப்பது நெட் திறன். சம்பளத்தில் கிராஸும் நெட்டும் மாதிரிதான். கையில் வருவது நெட்.

இந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்? அமெரிக்கக் கார் கம்பெனிகள் 1972 மாடல்களிலிருந்து கிராஸை விட்டு நெட்டுக்கு மாறின. கேடிலாக் எல்டொராடோ காரின் 8.2 லிட்டர் இஞ்சினுக்கு 1971-இல் சொன்ன கிராஸ் எண் 365. 1972-இல் சொன்ன நெட் எண் 235. ஒரே ஆண்டில் 130 குதிரை லாயத்தை விட்டு ஓடிவிட்டதா என்ன? இல்லை, அளந்த முறை மாறிவிட்டது. எல்லா இஞ்சினுக்கும் இதே விகிதம் இருக்காது. ஆனாலும் அளவு முறையைச் சொல்லாத பழைய எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

இதற்கு மேல் இன்னொரு கழிவும் இருக்கிறது. கிராங்கில் பிறந்த திறன் கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் என்று கடந்து டயருக்கு வரும்போது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை உராய்வில் வெப்பமாகப் போய்விடும். பெரிய நகரங்களில் இருக்கும் சேசிஸ் டைனோவில் வண்டியை ஏற்றினால் அது காட்டுவது டயரில் வரும் திறன். அதைப் புத்தக எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு, "ஐயோ, இஞ்சின் போச்சு" என்று அழக்கூடாது.

ஏன் இதை அளக்க வேண்டியிருந்தது?

என் தாய்மாமாவிடம் ஒரு அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த கார். அந்தத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. மாமாவின் வண்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் ஏற்காடு மலை ஏறும்போது மூன்றாம் கியரில் இழுக்கவே இல்லை, முழுக்க இரண்டாம் கியரிலேயே ஏறியது. கீழே வந்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சின் செத்துப்போச்சுங்க. ரீபோர் பண்ணி, பிஸ்டன் செட் மாத்தி, கிராங்க் கிரைண்டிங் போடணும். ரூ.45,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

மாமாவிடம் பணம் இருந்தது. ஆனால் அது என் மாமா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம். வண்டியை விற்கவும் மனசில்லை, அந்தப் பணத்தைத் தொடவும் மனசில்லை. "மாப்ளே, நீ இதைத்தானே படிக்கிற? இதுல இன்னும் எத்தனை குதிரை பாக்கி இருக்குன்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். "ஓட்டிப் பார்த்துச் சொல்ல மாட்டேன் மாமா, அளந்துதான் சொல்வேன்" என்றேன்.

ரோடுதான் டைனமோமீட்டர்

நம் லேபில் என்ன செய்கிறோம்? சுழலும் டிரம்மில் கயிற்றைப் போட்டுச் சுமை ஏற்றி, முறுக்குவிசையையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கித் திறன் கண்டுபிடிக்கிறோம். சுமைக்கு ஒரு பிரேக் வேண்டும், அவ்வளவுதான். 1821-இல் டி பிரோனி கண்டுபிடித்தது மரக்கட்டைப் பிரேக். 1877-இல் வில்லியம் ஃப்ரூட் செய்தது தண்ணீர் பிரேக். ரோட்டில் நமக்குச் சுமை எது? காரின் சொந்த எடைதான்!

ஒரு வண்டியை 55 கி.மீ. வேகத்திலிருந்து 70 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக ஒரு குறிப்பிட்ட இயக்க ஆற்றல் வேண்டும். அதை எத்தனை வினாடியில் கொடுத்தது என்று தெரிந்தால் திறன் தெரிந்துவிடும். ஆற்றலை நேரத்தால் வகுத்தால் திறன். முதல் செமஸ்டர் பிசிக்ஸ்தான்.

முதல் வேலையாக வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப் போனோம். மாமாவும் நானும் உட்கார்ந்தபடியே எடை போட்டோம். 1,280 கிலோ. அப்புறம் சோதனை முடியும் வரை பெட்ரோல் போடவில்லை, டிக்கியில் எதையும் ஏற்றவில்லை.

இரண்டாவது, ஸ்பீடோமீட்டர். பழைய கேபிள் ஸ்பீடோமீட்டரை நம்பவே கூடாது. செல்போனில் ஜி.பி.எஸ். வேகத்தை வைத்து ஒப்பிட்டபோது, முள் 70 காட்டும்போது உண்மை வேகம் 64-தான். ஆகவே போன் காட்டும் வேகத்தையே எடுத்துக்கொண்டோம். இன்னொரு போனில் அந்தத் திரையை வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்து வினாடியைக் குறித்தோம்.

மூன்றாவது, ரோடு. ஊருக்கு வெளியே மேடு பள்ளமில்லாத நேர் ரோடு. காற்று இல்லாத விடியற்காலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆளோ மாடோ இல்லை என்று பார்த்த பிறகுதான் தொடங்கினோம். ஓட்டுவது மாமா, குறிப்பது நான். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது. நண்பர்களே, இது விளையாட்டில்லை. கூட ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.

செய்முறை இரண்டு பாகம். முதல் பாகத்தில், மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி 55-இலிருந்து 70 வரை எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை ஓட்டி ஆறுக்கும் சராசரி எடுத்தோம். ரோட்டில் லேசான சரிவு இருந்தாலும் இதில் அடிபட்டுப் போகும். எங்களுக்குக் கிடைத்தது 7.4 வினாடி.

இரண்டாம் பாகத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இஞ்சின் கொடுக்கும் திறன் முழுக்க வேகம் கூட்டுவதற்கே போவதில்லை. காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் ஒரு பங்கு போகிறது. அதை எப்படி அளப்பது? 70-க்கு மேல் வேகம் எடுத்து, நியூட்ரலில் போட்டு, தானாக 55-க்கு இறங்க எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். சாவியை அணைக்கக் கூடாது, இஞ்சின் ஐடிலில் ஓடட்டும். இருபுறமும் ஓட்டிச் சராசரி எடுத்ததில் 15.2 வினாடி வந்தது.

இப்போது கணக்கு

55 கி.மீ. என்பது வினாடிக்கு 15.28 மீட்டர். 70 கி.மீ. என்பது 19.44 மீட்டர். எடையில் பாதியை இரண்டு வேக வர்க்கங்களின் வித்தியாசத்தால் பெருக்கினால் 92.6 கிலோஜூல். வேகம் கூடும்போதும் குறையும்போதும் இந்த ஆற்றல் ஒன்றேதான்.

வேகம் கூட்ட: 92.6 ÷ 7.4 = 12.5 கிலோவாட்.
காற்றுக்கும் டயருக்கும்: 92.6 ÷ 15.2 = 6.1 கிலோவாட்.
மொத்தம் 18.6 கிலோவாட்.

ஃப்ளைவீல், சக்கரம் போன்ற சுழலும் பாகங்களும் வேகமெடுக்க ஆற்றல் தின்னும். அதற்கு 5 சதவீதம் சேர்த்தோம். 19.5 ஆயிற்று. கியர் பாக்ஸ், ஆக்ஸில் கழிவுக்கு 13 சதவீதம் வைத்து 0.87-ஆல் வகுத்தோம். 22.4 கிலோவாட். 0.746-ஆல் வகுத்தால் 30 குதிரை.

5 என்பதும் 13 என்பதும் நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகள். ஆகவே 30 என்ற எண்ணில் இரண்டு மூன்று குதிரை முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அதே வண்டி, அதே எடை, அதே ரோடு, அதே கணக்கு என்று இன்னொரு நாள் செய்தால், அந்தப் பிழை இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்கும். அப்போது வித்தியாசம் மட்டும் தெளிவாகத் தெரியும். இந்தச் சோதனையின் பலமே அதுதான்.

குதிரை எங்கே ஒளிந்திருந்தது?

30 என்பது குறைவுதான். ஆனால் குறைந்ததற்குக் காரணம் பிஸ்டன் ரிங்குதானா? அதைச் சொல்ல இன்னொரு சோதனை வேண்டும். இஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் 120-க்கும் 130 பி.எஸ்.ஐ.க்கும் இடையில் இருந்தன. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. ரிங் தேய்ந்த இஞ்சின் இப்படிக் காட்டாது.

அடுத்து, லேபில் செய்யும் மோர்ஸ் டெஸ்டை நினைவு வைத்து ஒரு எளிய சோதனை. ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தி, ஆர்.பி.எம். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். இன்சுலேஷன் உள்ள பிளையரால்தான் ஒயரைத் தொட வேண்டும், இல்லையென்றால் நீங்களே துள்ளுவீர்கள்! நான்கிலும் ஒரே மாதிரி இறங்கியது. அப்படியானால் சோம்பேறிச் சிலிண்டர் எதுவும் இல்லை. நான்கு பேரையும் சேர்த்து எதுவோ பிடித்து இழுக்கிறது.

ஏர் கிளீனரைக் கழற்றினேன். உள்ளே அடைசல். மாமாவை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தேன். த்ராட்டில் தகடு முக்கால்வாசிதான் திறந்தது! லிங்கேஜ் தேய்ந்து லூசாகி, மிதிப்பதில் ஒரு பங்கு வீணாகிக்கொண்டிருந்தது. டைமிங் லைட் போட்டால் இக்னிஷன் பின்தங்கி இருந்தது. பாயிண்ட் தேய்ந்து கேப் குறைந்திருந்தது. பாயிண்டை மாற்றி கேப்பை 15 தௌ வைத்தேன். டேப்பட்டையும் 15 தௌக்குச் சரிசெய்தேன். டைமிங்கை வைத்தேன். லிங்கேஜுக்கு புஷ் போட்டேன். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து மாட்டினேன். மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள்.

மறுபடி எடைமேடை. அதே 1,280 வரும்படி பெட்ரோலைச் சரிசெய்துகொண்டு, அதே ரோட்டில், அதே விடியற்காலையில் ஓட்டினோம். நியூட்ரலில் இறங்கும் நேரம் மாறவில்லை, அதே 15.2 வினாடி. அது மாறவும் கூடாது, ஏனென்றால் காற்றையும் டயரையும் நாங்கள் தொடவில்லை. வேகம் கூட்டும் நேரம் 7.4-இலிருந்து 5.9 வினாடிக்கு வந்துவிட்டது. அதே கணக்கில் போட்டால் 26.3 கிலோவாட், அதாவது 35 குதிரை. ஐந்து குதிரை லாயத்துக்குத் திரும்பி வந்துவிட்டன!

35 சரிதானா?

"புத்தகத்தில் 55, நீ சொல்றது 35. இன்னும் இருபது குதிரை எங்கடா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புத்தக எண் இஞ்சினின் உச்சத் திறன். நாங்கள் அளந்தது சுமார் 3,100 முதல் 4,000 ஆர்.பி.எம். வரைக்குமான சராசரி. ஃபேன் சுழல, சைலன்சர் மாட்டி, பல வருடம் உழைத்த இஞ்சின் கொடுத்தது. கிராஸ், நெட் வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால் 35 ஆச்சரியமான எண் இல்லை.

சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. நாம் படித்த பிரேக் மீன் எஃபெக்டிவ் பிரஷர், அதாவது பி.எம்.ஈ.பி. 26.3 கிலோவாட்டை 3,500 ஆர்.பி.எம்.முக்கும் 1489 சி.சி.க்கும் போட்டால் பி.எம்.ஈ.பி. சுமார் 6 பார் வருகிறது. குறைந்த கம்ப்ரஷன் விகிதமும் ஒற்றைக் கார்புரேட்டரும் உள்ள பழைய இஞ்சினுக்கு இது நம்பக்கூடிய எண்.

இதே சூத்திரம் பொய்யையும் காட்டிக் கொடுக்கும். ஒருவர் வந்து, "இதே 1489 சி.சி. இஞ்சின், சும்மா ட்யூன் பண்ணி 80 குதிரை வர வெச்சிருக்கேன்" என்று சொன்னால், 4,200 ஆர்.பி.எம்.மில் கணக்குப் போடுங்கள். பி.எம்.ஈ.பி. 11.5 பாரைத் தொடும். அது இன்றைய நவீன இஞ்சின்கள் எட்டும் அளவு. பாயிண்டும் கார்புரேட்டரும் வைத்து ட்யூன் பண்ணினால் மட்டும் வந்துவிடாது. வாயால் மறுக்க வேண்டாம், பேப்பரில் போட்டுக் காட்டுங்கள்.

மலையில் ஏன் திணறியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பதினைந்துக்கு ஒன்று ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால், வண்டி ஒரு வினாடிக்கு 0.74 மீட்டர் உயருகிறது. 1,280 கிலோவை அந்த வேகத்தில் தூக்கவே 9.3 கிலோவாட், அதாவது பன்னிரண்டரை குதிரை வேண்டும். காற்றும் டயரும் தின்பது தனி. சமதரையில் தெரியாத ஐந்து குதிரை மலையில் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

நம் கையில் இருக்கும் கருவி

மாமாவின் ரூ.45,000 கட்டணமாகவே கட்டப்பட்டது. ரீபோர் என்று சொன்ன மெக்கானிக்கை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் காதால் கேட்டுச் சொன்னார். அனுபவக் காது பெரிய விஷயம்தான். ஆனால் இஞ்சின் திறன் குறைந்திருக்கிறது என்பதும், இஞ்சின் தேய்ந்திருக்கிறது என்பதும் இரண்டு தனி விஷயங்கள். முதலாவதை ரோடு சொல்லும். இரண்டாவதைக் கம்ப்ரஷன் கேஜ் சொல்லும். இரண்டையும் கேட்காமல் இஞ்சினைப் பிரிக்கக் கூடாது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் ஒரு பழைய வண்டி நிற்கிறது. அப்பாவின் ஸ்கூட்டரோ, அண்ணனின் பைக்கோ, பக்கத்து வீட்டுப் பெரியவரின் பத்மினியோ. எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பைக்குக்கு வேகம் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவர் எடையைச் சேர்க்க மறக்காதீர்கள். வண்டி நன்றாக ஓடும் காலத்திலேயே ஒரு தடவை அளந்து, இரண்டு நேரத்தையும் ஆர்.சி. புத்தக உறைக்குள் எழுதி வையுங்கள். நாளைக்கு வண்டி இழுக்கவில்லை என்று யாராவது சொன்னால், புத்தகத்தில் போட்ட எண்ணைத் தேட வேண்டாம். அந்தச் சீட்டை எடுத்து, அதே ரோட்டில் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். எத்தனை குதிரை காணாமல் போயிற்று என்று வண்டியே சொல்லிவிடும்.